வீட்டுக் கணினிக்கு எத்தனை காவல்?

கதவுக்கு இரண்டு பூட்டு இடுவது போல், கணினிக்கும் இரண்டு ஃபயர்வால் நிறுவுதல் நலமென்று அன்பர்கள் சிலர் கருதுகின்றனர். இக்கருத்தை நாம் ஏற்பதற்கில்லை.

இணையத்தின் வழியே வருவனவற்றைச் சோதித்து, விதிக்கு இசைந்தவற்றை மட்டும் உள்ளே விடும் காவலே ஃபயர்வால். 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்னும் புழுநிரல், அதன் அவசியத்தை உலகுக்கு உணர்த்திற்று. அந்நாளில் விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தும், அது தானாக இயங்கவில்லை. 2004இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கே அக்குறையைத் தீர்த்தது.

ஆயினும், ஒரே கணினியில் இரண்டு ஃபயர்வால்கள் இயங்கினால், வருவன யாவும் இருமுறை சோதிக்கப்படும். ஒன்று விட்டதை மற்றொன்று தடுக்கும். அச்சுப்பொறி இணங்காது, வங்கியின் பக்கம் திறவாது, தடுத்தது எதுவென்றும் விளங்காது. முடிவில் சலிப்புற்று இரண்டையுமே நிறுத்திவிடுவோர் உண்டு. அதுவே பேரபாயம்.

ஆகவே, புதியதொன்றை நிறுவும்போது பழையது நின்றுவிட்டதா என நோக்குக. புதியதை நீக்கினால், பழையது மீண்டும் இயங்குகிறதா என்பதையும் தவறாது காண்க.

ரௌட்டரில் உள்ள ஃபயர்வாலோ வேறு வகை. அது தெருவாயிற் காவல். கணினியில் உள்ளது அறைவாயிற் காவல். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையே, இரண்டும் இருக்கட்டும். ஆனால், ஓர் அறைவாயிலுக்கு ஒரு காவலரே போதும் என்பதே நம் துணிபு.