சூடாகி நிற்கும் கம்ப்யூட்டர்: மதர்போர்டைச் சந்தேகிக்கும் முன்...

என் மைத்துனர் பொள்ளாச்சியில் இருந்து வால்பாறைக்கு மளிகைச் சாமான் ஏற்றிச் செல்பவர். பழைய பிக்கப் வண்டி. 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப் பாதையில், ஆழியாறைத் தாண்டி ஏறத் தொடங்கியதுமே டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடும். ஒருவர் வாட்டர் பம்ப் என்றார். இன்னொருவர் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார். கடைசியாகப் பார்த்த வயதான மெக்கானிக், பானட்டைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார்.

"சூடாகுதுன்னு மட்டும் சொன்னாப் பத்தாதுங்க. எப்ப சூடாகுது? நின்னுட்டு இருக்கையிலயா, ஓடையிலயா, பாரம் ஏத்தினாத்தானா?"

நிற்கும்போது சூடாகி, வேகமாக ஓடும்போது இறங்கினால் ஃபேன் அல்லது பெல்ட்டில் கோளாறு இருக்கலாம். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே உதவிவிடும். பாரத்தோடு ஏறும்போது மட்டும் சூடானால், சூட்டை வெளியே தள்ளும் வழி அடைபட்டிருக்கலாம். மைத்துனரின் வண்டி இரண்டாவது வகை. இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பார்த்தார் (சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்). பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். பிறகு ரேடியேட்டரின் பின்புறம் டார்ச் அடித்தார். வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை. தகடுகளுக்கு நடுவே சேறும் பூச்சிகளும் வைக்கோலும் அடைத்திருந்தன. கழுவினார். முள் நடுவிலேயே நின்றது. இன்ஜினைப் பிரிக்கவில்லை.

இந்தக் கதை கம்ப்யூட்டர் பத்திரிகையில் எதற்கு என்கிறீர்களா? அதே மாதம் என் வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டரும் தானாக ஆஃப் ஆகத் தொடங்கியது.

முதலில் ஃபைல்கள்

என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். நான்கு வருட வாடிக்கையாளர்களின் அளவுகளும் தீபாவளி ஆர்டர்களும் அந்த கம்ப்யூட்டரில் எக்செல் ஃபைல்களாக இருந்தன. வேறு காப்பி கிடையாது. தீபாவளிக்குப் பதினெட்டு நாட்கள். சர்வீஸ் செய்பவர் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "ஃபேன் நல்லா ஓடுது சார், மதர்போர்டு போயிடுச்சு. பழைய சிஸ்டம், புதுசே வாங்கிடுங்க" என்றார்.

இரவு முழுவதும் ஆறிய கம்ப்யூட்டரைக் காலையில் ஆன் செய்து, எல்லா ஃபைல்களையும் பென் டிரைவில் காப்பி செய்தேன். நீங்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சோதனையெல்லாம் அதற்குப் பிறகு.

எப்போது நிற்கிறது?

மெக்கானிக்கின் கேள்வியை எனக்கு நானே கேட்டு, மூன்று நாட்கள் நோட்டில் குறித்தேன். எக்செல் மட்டும் திறந்திருந்தால் ஒன்றரை மணி நேரம் ஓடியது. பிளவுஸ் டிசைன் வீடியோக்களை முழுத்திரையில் பார்த்தால் இருபது நிமிடத்தில் நின்றது. நின்றதும் உடனே பவர் பட்டனை அழுத்தினால் ஆன் ஆகி மீண்டும் நின்றது. அரை மணி கழித்து அழுத்தினால் ஒழுங்காக வந்தது.

வேலை கூடினால் நிற்பது, ஆறினால் ஓடுவது: இது சூட்டின் அடையாளம். நிற்பதற்கு முன் கம்ப்யூட்டர் மிக மெதுவாக இயங்குவதும் உண்டு. சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடும். பலர் இந்த மெதுவை வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள்.

அளந்து பாருங்கள்

வண்டியில் முள் உண்டு. கம்ப்யூட்டரிலும் உண்டு. ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தினால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பயாஸ் திரை வரும். அதில் ஹார்ட்வேர் மானிட்டர் அல்லது பிசி ஹெல்த் போன்ற பெயரில் உள்ள பகுதியில் பிராசஸரின் சூடும் ஃபேனின் வேகமும் தெரியும். எதையும் மாற்றாமல் பார்த்துவிட்டு வெளியேறுங்கள். விண்டோஸுக்குள் பார்க்க கோர் டெம்ப் போன்ற இலவச புரோகிராம்கள் உள்ளன.

சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ் என்பது டெஸ்க்டாப்புக்குச் சாதாரணம். கோடையில் சற்றுக் கூடும். எளிய வேலைகளிலேயே 80ஐத் தாண்டினால் கவனியுங்கள். பல பிராசஸர்களின் எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கும். என் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே 64 காட்டியது. வீடியோ ஓடவிட்ட ஐந்தாவது நிமிடம் 93.

செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள்

கேபினட் மேஜையின் அடித்தட்டில், சுவரை ஒட்டி இருந்தது. அதற்கு மேல் மனைவி ஆசையாகத் தைத்த துணி உறை வேறு. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டுப் பயன்படுத்துவோம். பின்பக்கம் மூடியே இருக்கும். சூடான காற்று வெளியேறும் வழியே பின்பக்கம்தான். உறையை எடுத்து, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். 64 என்பது 57 ஆனது. இன்னும் போதாது.

அடுத்து உள்ளே பார்த்தேன். ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திய பிறகு மூடியைக் கழற்றினேன். ஃபேன் சுற்றத்தான் செய்தது. ஆனால் ஃபேனுக்குக் கீழே உள்ள ஹீட் சிங்க் தகடுகளின் மேல், தையல் அறையின் நூல் தூசு கம்பளி போலப் படிந்திருந்தது. டார்ச் அடித்தேன், வெளிச்சம் நுழையவில்லை. வண்டியின் ரேடியேட்டரை மீண்டும் பார்ப்பது போல இருந்தது. சர்வீஸ்காரர் சொன்னது பொய்யல்ல. ஃபேன் ஓடியது, காற்றுதான் போகவில்லை.

மென்மையான பிரஷ்ஷால் தூசைத் தளர்த்தி, பிளோயரால் ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதிவேகமாகச் சுற்றவிட்டால் ஃபேன் கெடும். வேக்குவம் கிளீனரை போர்டின் அருகே கொண்டு போகாதீர்கள். அதில் உருவாகும் நிலை மின்சாரம் சிப்களைக் கெடுக்கலாம்.

சுத்தம் செய்யும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று மேலே எழும்பி இருந்தது. அந்த மூலையில் ஹீட் சிங்க் பிராசஸரைச் சரியாகத் தொடவில்லை. அதைக் கழற்றி, காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, நான்கு பின்களையும் 'க்ளிக்' என்று அழுத்தினேன். ஹீட் சிங்க்கை ஒருமுறை தூக்கினால் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தே தீர வேண்டும். பயமாக இருந்தால் கடையில் கொடுத்து, உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள்.

இப்போது சும்மா இருக்கும்போது 42. வீடியோ ஓடும்போது 63. செலவு, பேஸ்ட் டியூப் ஒன்று.

சூடு சரியாக இருந்தும் நின்றால்?

அப்போது எஸ்.எம்.பி.எஸ்., ரேம், யு.பி.எஸ். ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், வாரன்டி இருக்கும் வரை தாங்களாகத் திறக்காமல் விற்றவரிடமே கேளுங்கள். ஆனால் இன்றே ஒரு வேலை செய்யலாம். சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி, வீடியோ ஓடும்போது எத்தனை என்று பார்த்து, தேதியோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து யாராவது மதர்போர்டு போய்விட்டது என்றால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் இருக்கும்.

தீபாவளி ஆர்டர்கள் நேரத்துக்கு முடிந்தன. துணி உறை இப்போது தையல் மெஷின் மேல் இருக்கிறது. வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுப்பது என் மனைவியின் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசு தட்டுவது என் வேலை.