பாத்துட்டீங்களா சார்?

திங்கட்கிழமை காலை எங்கள் ஆபீஸில் யாரும் யாரையும் 'சௌக்கியமா?' என்று விசாரிப்பதில்லை. 'பாத்துட்டீங்களா சார்?' என்றுதான் கேட்கிறார்கள். எதை என்று திருப்பிக் கேட்டால் நீங்கள் அவுட்! சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த ஆசாமி என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை முதல் ஷோ பார்த்துவிட்டு, கசங்கின சட்டையோடு வந்தவன்தான் ராஜா. அவனைச் சுற்றி நாலு பேர் நின்று கதை கேட்போம். 2020-ல் கொரோனா வந்து தியேட்டர்களைப் பூட்டியது. அந்த மே மாதம் 'பொன்மகள் வந்தாள்', நவம்பரில் 'சூரரைப் போற்று' என்று படங்கள் நேராக வீட்டுக் கூடத்துக்கே வர ஆரம்பித்தன. அன்றைக்குப் பிடித்த பழக்கம், தியேட்டர் திறந்த பிறகும் விடவில்லை.

இப்போது படத்துக்குப் பஞ்சம் இல்லை. எதைப் பார்ப்பது என்று சொல்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். ராத்திரி ஒன்பது மணிக்கு ரிமோட்டை எடுத்தால், போஸ்டர்களை மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளியே பத்தேகால் ஆகிவிடுகிறது. கொட்டாவி வந்து படுத்துவிடுகிறோம்.

ஆகவே, சிபாரிசு! அதைச் செய்கிறவர்களில் பல ரகம் உண்டு.

முதல் ரகம் எங்கள் கேஷியர். 'மொத நாப்பது நிமிஷம் மட்டும் பொறுத்துக்குங்க சார், அப்புறம் பிச்சுக்கும்' என்பார். பொறுத்துக்கொள்வதற்கு எதற்கு சார் படம்? அதற்குத்தான் ஆபீஸ் இருக்கிறதே!

இரண்டாவது, கதையைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறவர். 'சஸ்பென்ஸ் என்னான்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அந்த டாக்டர் மேல மட்டும் ஒரு கண்ணு வெச்சுக்குங்க!'

மூன்றாவது, எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற அக்கவுண்ட்ஸ் தம்பி. 'மெய்யழகன்' (2024) எப்படிப்பா என்று கேட்டேன். 'ஸ்லோ சார்' என்றான். ரெண்டு பேர் ராத்திரி முழுக்க மனசுவிட்டுப் பேசுவதுதான் அந்தப் படமே! ரிலீசுக்குப் பிறகு அவர்களே 18 நிமிஷத்தைக் குறைத்தார்கள். இவன் அதற்கு மேலும் முக்கால் மணி நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறான். அந்த நேரத்தில் என்னப்பா செய்தாய் என்றால், 'ரீல்ஸ் பாத்தேன் சார்.'

நாலாவது ரகம், அடியேன். ஒரு படம் பிடித்துவிட்டால் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவேன். சிபாரிசை லேசாக நினைக்காதீர்கள். 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது தியேட்டரில் சரியாகப் போகவில்லை. பிறகு டி.வி.யில் பார்த்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிச் சொல்லியே அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

ஆனால் தூக்கி நிறுத்துகிற அதே வாய், ஆளைக் கவிழ்க்கவும் செய்யும். டெஸ்பாட்ச் அண்ணனிடம் 'மகாராஜா' (2024) பற்றிச் சொன்னேன். 'குப்பைத்தொட்டி காணாமப் போச்சுன்னு ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷன் போறார்ணே, சிரிப்பா ஆரம்பிக்கும்!' மனுஷர் அதை நம்பி மாமனார், மாமியார், எட்டாவது படிக்கிற மகள் சகிதம் உட்கார்ந்துவிட்டார். படம் என்னவோ பிரமாதம்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருப்பது நெஞ்சைப் பதறவைக்கிற கொடுமை. மறுநாள் அண்ணன் சொன்னார்: 'தம்பி, கடைசி அரை மணி நேரம் நான் ரிமோட்டத் தேடற மாதிரியே நடிச்சேன்.'

அப்போதுதான் எங்கள் ஊர் வீடியோ கடைக்காரர் ஞாபகம் வந்தார். டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய நாலு படம் பார்த்த காலம் அது. கடையில் போய் நின்றால் அவருடைய முதல் கேள்வி, 'வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?' என்பதுதான். பாட்டி இருந்தால் ஒரு படம். கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா கும்பல் இருந்தால் வேறு படம். நான் ஆசையாகக் கை நீட்டின இங்கிலீஷ் கேசட்டை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, 'அப்பா ஊர்லதான இருக்கார்? இது வேணாம்' என்பார். அவருக்குப் படமும் தெரியும், வீடும் தெரியும். எனக்குப் படம் மட்டும்தான் தெரிந்தது.

அதுவும் சரியாகத் தெரியவில்லை என்பது போன மாதம்தான் புரிந்தது!

சிங்க்குக்குக் கீழே ஒரு வாளி

ஜியோ பேபி இயக்கிய 'தி கிரேட் இண்டியன் கிச்சன்' 2021 ஜனவரியில் வந்த மலையாளப் படம். 2023-ல் தமிழிலும், 2025-ல் 'மிஸஸ்' என்ற பெயரில் இந்தியிலும் எடுத்துவிட்டார்கள். நான்தான் லேட். எல்லோரும் தூங்கின பிறகு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன்.

புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் (நிமிஷா சஜயன்). அவளுக்குப் படத்தில் பெயர்கூடக் கிடையாது. நறுக்குகிறாள், அரைக்கிறாள், துடைக்கிறாள், கழுவுகிறாள். மாமனாருக்குக் குக்கர் சோறு ஆகாது, விறகடுப்பில்தான் வடிக்கவேண்டும். சாப்பிட்டவர்கள் மென்று துப்பின முருங்கைக்காய்ச் சக்கை மேஜை மேலேயே கிடக்கிறது. சிங்க் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லிப் புருஷனிடம் கேட்கிறாள், திரும்பவும் கேட்கிறாள். அவன் மறந்துகொண்டே இருக்கிறான்.

ஆடிப்போய்விட்டேன். மறுநாளே ஆபீஸில் பதினோரு பேருக்குச் சிபாரிசு! 'ஆம்பளைங்க ஒவ்வொருத்தரும் பாக்கணும் சார்!' என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். எப்போது? மத்தியானம், மனைவி கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே!

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் மனைவியையும் உட்காரவைத்து அதே படத்தைப் போட்டேன். 'மலையாளம் புரியாதேடா' என்றாள் அம்மா. பத்து நிமிஷம் ஆனதும், 'புரியறதுக்கு என்ன இருக்கு, பாத்திரந்தானே தேய்க்கறா' என்று சொல்லிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பிளம்பர் காட்சி வந்தது. அம்மாவும் மனைவியும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நமட்டுச் சிரிப்பு.

எங்கள் வீட்டு சிங்க்குக்குக் கீழே மூன்று மாதமாக ஒரு நீல வாளி இருக்கிறது.

'ஏண்டா, இந்தப் படத்த ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறியாமே... நீ பாத்தியா?' என்றாள் அம்மா.

'வேகமா ஓட்டிப் பாத்திருப்பார் அத்தே' என்று என் மனைவி எடுத்துக்கொடுத்தாள்.

படம் முடிந்ததும் அம்மா கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. 'முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. சூடா ஒரு தோசை, உக்காந்து தின்னதா ஞாபகமே இல்லடா' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை போடவில்லை என்பதுபோல சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

அன்றைக்கு ராத்திரி தோசைக் கரண்டி என் கையில். முதல் தோசை அந்தமான் தீவுகள் மாதிரி தனித்தனியாக வந்தது. அம்மா உட்கார்ந்து, சூடாக, அந்தமானையே சாப்பிட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பிளம்பரைக் கூப்பிட்டேன். 'எவ்ளோ நாளா சார் ஒழுகுது?' 'ரெண்டு நாளா...' என்றேன். உள்ளேயிருந்து மனைவி இருமினாள். ஒரு வாஷர், பத்து நிமிஷ வேலை. அவ்வளவுதான். இதற்கு மூன்று மாதம்!

பையைக் கட்டிக்கொண்டே டி.வி.யைப் பார்த்தார் பிளம்பர். 'நல்ல படம் எதுனா சொல்லு சார், நாளைக்கு வேலை இல்ல.'

வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன்.

'வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?'

'மாமனார் வந்துகிறாரு சார். ரெண்டு பேருக்கும் அவ்ளோ பேச்சுவார்த்தை இல்ல.'

'லப்பர் பந்து' (2024) என்றேன். கிரிக்கெட் மைதானத்தில் முறைத்துக்கொள்கிற வருங்கால மாமனாரும் மருமகனும்தான் அதில் கதை. இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்காரவைக்க அதைவிடத் தோதான படம் ஏது?

இப்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பொறுமைசாலி கேஷியருக்கு 'கடைசி விவசாயி' (2022). நடிப்பே தெரியாத நல்லாண்டி என்ற நிஜ விவசாயிதான் அதில் நாயகன். படம் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது.

அக்கவுண்ட்ஸ் தம்பியின் அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். அவனுக்கு 'ஹோம்' (2021) என்ற மலையாளப் படத்தைச் சொன்னேன். போனே கதி என்று கிடக்கிற பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்வதற்காக ஸ்மார்ட்போன் கற்றுக்கொள்ள அல்லாடும் அப்பாவாக இந்திரன்ஸ் நடித்திருப்பார். 'சாதா வேகத்தில்தான் பார்க்கவேண்டும்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தானாகவே என் சீட்டுக்கு வந்தான்.

'பாத்துட்டேன் சார். முடிஞ்சதும் அப்பாவுக்கு போன் போட்டேன்.'

'என்னப்பா சொன்னார்?'

'எடுத்ததுமே, எவ்ளோடா பணம் வேணும்னு கேக்கறார் சார்!'