சுத்தியலைத் தேடப்போய் தங்கப் புதையல்!

இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்றொரு கிராமம். 1992 நவம்பரில் விவசாயி ஒருவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித்தர வந்தார் நண்பர் எரிக் லாஸ். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது.

கருவி ஒலித்தது. தோண்டினால் வெள்ளிக் கரண்டிகள், தங்கச் சங்கிலிகள், காசுகள்! வேறொருவராக இருந்தால் இரவோடு இரவாக மூட்டை கட்டியிருப்பார். லாஸ் தோண்டுவதை நிறுத்தினார். அதிகாரிகளுக்குத் தகவல் போயிற்று. மறுநாளே தொல்பொருள் நிபுணர்கள் வந்து மிச்சத்தை மண்ணோடு பெயர்த்து எடுத்தனர். எந்த நகை எதனருகே, எப்படிப் பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் தெரிந்தது அதனால்தான். ரோமானியர் காலத்துக் காசுகள் மட்டுமே ஏறத்தாழ 15,000!

வெகுமதி பதினேழரை லட்சம் பவுண்டு. விவசாயிக்கும் அதில் பங்கு கொடுத்தார் லாஸ்.

சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்!