உயில் நிறைவேற்றுநரும் சொத்தைக் கைக்கொள்ளும் கடமையும்: வடசென்னையை முன்வைத்து

உயிலில் நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டவர், நீதிமன்றம் புரொபேட் வழங்கும்வரை வாளாவிருக்கலாம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. பிரிவு 211இன்படி, இறந்தவரின் சொத்து அவருடைய சட்டப் பிரதிநிதி என்ற நிலையில் நிறைவேற்றுநரைச் சென்றடைகிறது. அவரது அதிகாரம் உயிலிலிருந்தே பிறக்கிறது. புரொபேட் அதனை உறுதிசெய்கிறது.

பொறுப்பை ஏற்றவர் இறந்தவரின் சொத்துகளையும் அவருக்கு வரவேண்டிய கடன்களையும் உரிய முனைப்புடன் திரட்ட வேண்டும் என்பது பிரிவு 319. திரட்டத் தவறியதால் விளையும் இழப்பை அவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது பிரிவு 369. காசிமேட்டில் கட்டிக்கிடக்கும் விசைப்படகு பராமரிப்பின்றி மதிப்பிழக்கும். கைமாற்றாகக் கொடுத்த பணம் மூன்றாண்டுக் காலவரம்பைக் கடந்தால் வழக்கிட்டுப் பெற இயலாது. நிறைவேற்றுநரின் காத்திருப்பு இங்கே பண இழப்பாகவே முடிகிறது. இதற்குச் சென்னையின் பழஞ்சான்று பச்சையப்ப முதலியாரின் உயில். 1794இல் மறைந்த அவர் அறங்களுக்கென ஒதுக்கிய பொருள் நெடுங்காலம் சிக்கலில் கிடந்தது. அப்போதைய சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டிற்குப் பின், 1842இல்தான் அவர் பெயரிலான பள்ளி தொடங்கப்பெற்றது.

கடமை எங்கும் ஒன்றே. அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் வழி வடசென்னைக்குள்ளேயே வேறுபட்டிருந்தது. உயர் நீதிமன்றத்தின் முதனிலை உரிமையியல் எல்லைக்குள் இந்து ஒருவர் எழுதிய உயிலுக்கும், அவ்வெல்லைக்குள் அமைந்த அசையாச் சொத்தைக் குறித்த உயிலுக்கும் பிரிவு 213 புரொபேட்டைக் கட்டாயமாக்கியது. இராயபுரம் அந்த எல்லைக்கு உட்பட்டது. திருவொற்றியூரும் எண்ணூரும் புறத்தே இருந்தன. ஆகவே, எண்ணூர் மனையைப் பற்றியதாயினும் இராயபுரத்தில் எழுதிய உயிலுக்குப் புரொபேட் தேவைப்பட்டது. அதே உயில் திருவொற்றியூரில் எழுதப்பட்டிருந்தால் தேவையில்லை. திருவொற்றியூர் 2011இல் மாநகராட்சியுடன் இணைந்தமையை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. மாநகராட்சி எல்லை வேறு, நீதிமன்ற எல்லை வேறு. இசுலாமியருக்கு இப்பிரிவு பொருந்தவில்லை. இந்தியக் கிறித்தவருக்கு 2002இல் விலக்களிக்கப்பட்டது. ஒரே தெருவில் மூன்று நடைமுறைகள் நிலவின என்பது வியப்பன்று.

2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பிரிவு 213ஐ நீக்கியது. இதனை முற்றிலும் நன்மையெனக் கொள்ளல் அரிது. புரொபேட் பெற்ற நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் அளிக்குமாறு பணிக்கும் பிரிவு 317, புரொபேட் பெற்றவரையே கட்டுப்படுத்துகிறது. அதைப் பெறாமலே சொத்தைக் கைக்கொள்ளும் நிறைவேற்றுநரிடம் கணக்குக் கேட்க வேண்டிய சுமை இனிப் பயனாளிகளையே சாரும்.