ஷட்டர் ஸ்பிரிங் அறுந்தால் முதலில் கையை எடுங்கள்

பெங்களூரு ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக்நகர் தெருக்களில் பல வீடுகளின் கீழ்த்தளம் கடையாகவோ வண்டி நிறுத்தும் இடமாகவோ இருக்கிறது. மளிகை, மெடிக்கல், தையல் என எந்தக் கடையானாலும் முன்னால் ஓர் இரும்பு ஷட்டர் உண்டு. தினமும் தூக்கி இறக்கும் பொருள் என்பதால் அதன் ஆபத்து கண்ணில் படுவதில்லை. ஸ்பிரிங் அறுந்த அன்று, கடை திறக்கும் அவசரத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கப் பார்க்கிறோம். விபத்துக்கு வழி விடுவது அந்த அவசரம்தான்.

எடையைச் சுமப்பது யார்?

10 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள ஒரு ஷட்டரை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் ஷட்டர் பட்டைக்குக் குறிப்பிடப்படும் தடிமன் 1.25 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் தகடு மட்டுமே 70 கிலோவைத் தாண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று கோக்கும் மடிப்பு, அடிப்பட்டி, பூட்டு எல்லாம் சேர்ந்தால் எடை இன்னும் கூடும். இதை ஒருவர் தூக்க முடிவது மேலே பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளால்தான். ஏற்றத்தின் மறுமுனையில் கட்டிய பாரம் நீர் வாளியை மேலே கொண்டுவருவது போல, ஷட்டரின் எடையில் பெரும்பகுதியை அவை ஏற்கின்றன.

ஷட்டருக்கு மேலே, இரு பக்கச் சுவரிலும் பொருத்திய பிராக்கெட்டுகளுக்கு நடுவே சுழலாத ஒரு பைப் இருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனை அந்தப் பைப்போடும், மறுமுனை ஷட்டர் சுருளும் உருளையோடும் இணைக்கப்பட்டிருக்கும். ஷட்டரை இழுத்து இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு விடுபட்டு உதவும். முழுக்கச் சுருட்டிய நிலையிலும் முறுக்கு முற்றாகப் போய்விடாது. பொருத்தும்போதே கொடுத்த முன்முறுக்கு உள்ளே இருந்துகொண்டே இருக்கும். ஆகவே, மேலே ஏற்றிவிட்டால் ஸ்பிரிங்கைப் பயமில்லாமல் கழற்றலாம் என்று நினைப்பது தவறு.

முன்கூட்டியே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். முன்பு ஒரு கையால் ஏறிய ஷட்டருக்கு இப்போது இரண்டு ஆள் தேவைப்படுவது, பாதி உயரத்தில் விட்டால் நிற்காமல் சரிவது, ஒரு பக்கம் முந்தி மறுபக்கம் பிந்திக் கோணலாக ஏறுவது ஆகியவை அறிகுறிகள். பெட்டிக்குள் பலத்த சத்தம் கேட்டு, பிறகு ஷட்டர் கனத்துப்போனால் ஒரு ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒன்று அறுந்தாலும் மற்றவற்றின் பலத்தில் ஷட்டர் ஓடலாம். ஆனால் மீதமுள்ளவை அளவுக்கு மீறிய பாரத்தைச் சுமக்கின்றன. அவையும் எந்நேரமும் அறுந்துபோகலாம்.

அமெரிக்காவில் வீட்டுக் கராஜ் கதவு ஸ்பிரிங்குக்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆயுள் சுமார் 10,000 முறை திறந்து மூடுவது. காலையும் மாலையும் என இருமுறை திறக்கும் கடைக்கு அதே கணக்கைப் போட்டால் ஏறக்குறைய 14 ஆண்டுகள்தான் வரும். மழைநீர் புகும் பெட்டியும், துருவும், ஷட்டரின் ஓரங்கள் ஓடும் கைடு சேனலில் அடைந்த தூசியும் அந்த ஆயுளை இன்னும் குறைக்கும்.

அறுந்த பிறகு என்ன செய்வது?

ஷட்டர் கீழே இறங்கியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கடப்பாரை கொடுத்து நெம்ப வேண்டாம். தெருவில் போகும் இளைஞர்களைத் துணைக்கு அழைக்கவும் வேண்டாம். தூக்கிவிட்டாலும் அதை மேலே நிறுத்திவைக்க எதுவும் இல்லை.

மேலேயோ பாதியிலோ நின்றிருந்தால் அதுதான் பெரிய ஆபத்து. அதன் அடியில் யாரும் நுழையக் கூடாது. கல்லாப்பெட்டி உள்ளே இருந்தாலும் குனிந்து போகாதீர்கள். கொக்கிக் கம்பியால் இழுத்து இறக்க முயலாதீர்கள். நடைபாதையில் இரு பக்கமும் ஸ்டூலோ கயிறோ வைத்து ஆட்களை விலக்குங்கள். குழந்தை இயேசு ஆலயத்துக்குக் கூட்டம் வரும் வியாழக்கிழமைகளில் விவேக்நகர்க் கடைக்காரர்கள் இதில் கூடுதல் கவனம் காட்ட வேண்டும்.

மோட்டார் ஷட்டரானால் உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள். பட்டனை மறுபடி மறுபடி அழுத்தினால் மோட்டாரும் கெடும். ஷட்டர் மேலே நிற்கும்போது மோட்டாரை விடுவிக்கும் கயிற்றை இழுத்தால் முழு எடையும் ஒரேயடியாகக் கீழே வரலாம்.

பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்த்துவது பழகிய ஷட்டர் மிஸ்திரி மட்டுமே செய்ய வேண்டிய வேலை. முறுக்கு திடீரென விடுபட்டால் பைப்பைப் பிடித்திருக்கும் ரெஞ்ச் சுழன்று கையிலோ முகத்திலோ அடிக்கும். ஏணியில் நிற்பவர் விழுவார். மிஸ்திரி துணைக்கு ஓர் ஆளோடு வருகிறாரா, ஷட்டரைக் கட்டி நிறுத்திய பிறகு முறுக்கைச் சிறிது சிறிதாக இறக்குகிறாரா என்று பாருங்கள். அறுந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், ஒரே வயதுள்ள எல்லா ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புது ஷட்டர் போடுவதானால், உலோகச் சுருள் ஷட்டருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6248-ஐக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வேலை முடிந்ததும் ஷட்டர் பாதி உயரத்தில் தானாக நிற்கிறதா என்று சோதித்த பிறகே பணம் கொடுங்கள்.

உள்ளே ஆள் இருந்தால்?

கடைக்குள்ளேயே பணியாளர்கள் உறங்குவது நம் ஊர்களில் சகஜம். 2018 ஜனவரி 8 அதிகாலை பெங்களூரு கலாசிபாளையத்தில் ஒரு மதுக்கூடம் தீப்பிடித்தபோது, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த ஐந்து பணியாளர்கள் இறந்தார்கள். ஷட்டர் ஒன்றே வாசலாக உள்ள கடையில் ஸ்பிரிங் அறுந்தால், உள்ளிருக்கும் ஒருவரால் அதைத் தூக்கவே முடியாது. பின்கதவு இல்லாத கடையில் இரவில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். யாராவது சிக்கிக்கொண்டால் தீயணைப்புப் படையை 101-லோ அவசர உதவியை 112-லோ உடனே அழையுங்கள்.

ஷட்டரில் தொங்கி விளையாடும் சிறுவர்களை விலக்குங்கள். கடைப் பையன்களிடம், கனத்த ஷட்டரைத் தூக்க வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மிஸ்திரியை அழைத்துப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருநாள் வியாபாரம் போனால் மறுநாள் ஈட்டிவிடலாம். நசுங்கிய கையை எந்த லாபமும் திருப்பித் தராது.