உகண்டாப் பணமும் ஒரு மெக்கானிக்கின் மரணமும்

கடுகண்ணாவையில் நான் தேநீர் குடிக்கும் கடையில் ராஜபக்ச குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அது உகண்டாவில்தான் முடியும். விமானத்தில் பணம் கடத்தினார்கள் என்பார்கள். நானும் தலையாட்டியவன்தான்.

2021 பெப்ரவரியில் ஸ்ரீலங்கன் விமானங்கள் 102 தொன் அச்சிட்ட தாள்களை உகண்டாவுக்குக் கொண்டுபோனது உண்மை. ஆனால் அது வணிகச் சரக்கு என்றே விமான நிறுவனம் விளக்கியது. வெளிநாடுகளுக்கு நாணயத்தாள் அச்சிடும் பிரித்தானிய நிறுவனமொன்றின் ஆலை பியகமவில் இருக்கிறது.

இந்தப் பேச்சில் மறைந்துபோவது வேறொன்று. மிக்-27 விமானக் கொள்வனவில் மோசடி என்று எழுதிய 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். தமக்குத் தொடர்பில்லை என்கிறார் அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய. அந்த விசாரணையில், தன் அடையாள அட்டையில் சிம் அட்டைகள் பெறப்பட்டதற்காகக் கைதான நுவரெலியாத் தமிழ் மெக்கானிக் ஒருவர் 2011இல் விளக்கமறியலிலேயே இறந்தார். கடையில் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பொருளாதார நெருக்கடிக்கு மஹிந்த, கோட்டாபய, பசில் உள்ளிட்டோர் பொறுப்பு என 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் தீர்த்ததும் ஊகத்தை வைத்தல்ல; மனுதாரர்கள் முன்வைத்த ஆவணங்களை வைத்துத்தான். அதுவும் அடிப்படை உரிமை வழக்கு. குற்றவியல் தீர்ப்பு அல்ல. கொலைக்கும் மோசடிக்கும் தனித்தனியே சாட்சி வேண்டும்.

ஒரு வதந்தி பொய்யானால், "எல்லாமே இப்படித்தான்" என்று சொல்லிக் குற்றம் சாட்டப்பட்டவர் தப்பிக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பெயர், திகதி, இடம் என்று எழுதி வைத்திருப்பது இதனால்தான். நாமும் அதையே செய்வோம்.