மனவடுவுக்கு மருந்து எங்கே?

2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' சூறாவளி இந்நாட்டில் 600 க்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டது. நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மண்சரிவுகள் மலையக மக்களுக்குப் பேரிழப்பை ஏற்படுத்தின. இடிந்த வீடுகள் பற்றிப் பேசப்படுகிறது. ஆனால், கூரையில் மழை விழுந்தாலே லயனை விட்டு ஓடத் துடிக்கும் மனங்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

பேரிடரோ போரோ முடிந்த பின்னரும் அச்சம் நீங்காது, கனவிலும் நினைவிலும் அதே காட்சி திரும்பத் திரும்ப வருவதை மருத்துவர்கள் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்கின்றனர். இதற்குக் கஞ்சாச் செடியிலிருந்து பெறப்படும் கன்னாபிடியோல் எண்ணெய் கைகண்ட மருந்து என்ற பிரசாரம் இணையத்தில் பரவலாகக் காணப்படுகிறது. இதன் உண்மையை விளக்குவது எமது கடமையாகும்.

கஞ்சாவின் போதைக்குக் காரணம் டி.எச்.சி. என்ற இரசாயனமாகும். கன்னாபிடியோல் போதை தருவதில்லை. அரிய வகை வலிப்பு நோய்களுக்கான மருந்தாக 2018 இல் அமெரிக்காவில் அது அங்கீகரிக்கப்பட்டது. எனினும் அது ஈரலைப் பாதிக்கலாம்; வேறு மருந்துகளின் செயற்பாட்டை மாற்றவும் கூடும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 136 பேரைக் கொண்டு நடத்தத் திட்டமிடப்பட்ட ஆய்வொன்று இங்கு கவனத்துக்குரியது. அச்சமூட்டிய நிகழ்வைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக மீட்டுரைத்து, 'ஆபத்து கடந்துவிட்டது' என மூளைக்குக் கற்பிப்பதே அங்கு அளிக்கப்படும் உளச்சிகிச்சை. கன்னாபிடியோல் அக்கற்றலை வலுப்படுத்துமா என்பதே ஆய்வாளர்களின் வினா. அதாவது, சிகிச்சையே அடிப்படை. மருந்து வெறும் துணை. அதே நாட்டின் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல், இந்நோய்க்குக் கஞ்சாவையோ அதன் சார்புப் பொருட்களையோ பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

இலங்கையில் 1929 ஆம் ஆண்டின் நச்சுப்பொருள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருளாகும். ஆயுர்வேத வைத்தியத்துக்கு மட்டுப்படுத்தப்பட்ட அனுமதி உண்டு. எனவே மனவடுவுக்கு மருந்தென எவரேனும் கஞ்சாவை நீட்டினால், அது நோயாளியைச் சிறைவாசலில் நிறுத்துவதாகவே முடியும். மருந்தின் மார்க்க ஆகுமானம் குறித்து ஐயமுறும் முஸ்லிம் வாசகர்கள் வைத்தியரையும் உலமாக்களையும் கலந்தாலோசிப்பதே சிறந்தது.

இங்கே இன்னொரு வினாவும் எழுகிறது. ஆபத்து கடந்துவிட்டது என்று படைவீரருக்குக் கற்பிக்கலாம். வெடிப்புற்ற மலைச்சரிவின் கீழ் உள்ள அதே லயனில் உறங்கும் தொழிலாளிக்கு எதைக் கற்பிப்பது? அவரது அச்சம் நோய் மட்டுமல்ல, நியாயமும் கூட. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தை மண்ணில் புதையுண்டபோதே இப்பாடம் கற்பிக்கப்பட்டது. ஆட்சியாளர்கள்தான் அதைக் கற்கவில்லை.

ஆகவே, பாதுகாப்பான காணியும் வீடுமே மலையகத்தின் மனவடுவுக்கு முதற்சிகிச்சை. அடுத்தது, ஹட்டன், நுவரெலியா பிரதேச வைத்தியசாலைகளில் தமிழில் உரையாடும் உளவளத்துணையாளர்களை நியமிப்பது. உதவி தேவைப்படுவோர் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஆய்வுகள் தொடரட்டும். அவற்றின் முடிவு வரும்வரை மலை காத்திருக்காது என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர வேண்டும்.